பதினோராவது இடத்துப் பாட்டு

பாட்டுக்கு வாத்தியம் கோர்க்கும் வேலையில் இருப்பவர்கள் ஓயாமல் கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: "எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும்." சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டால் பாட்டிலிருந்து முதலில் கழன்று விழுவது அதன் முகம் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கையாலேயே அறிவார்கள். விநோதமான ஒரு ஸ்வரம் போகும், தயங்கித் தொடங்கும் பல்லவி போகும், யாருக்கும் புரியாதோ என்று பயந்து ஒரு வட்டாரச் சொல் போகும். மிஞ்சுவது குறை சொல்ல முடியாத ஒரு பாட்டு. அதைக் கேட்டவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார், யாரும் முணுமுணுக்கவும் மாட்டார். இந்த வாக்கியம் தவறு என்பதைக் கணக்காகவே எடுத்துக்காட்டும் இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956 முதல் நடத்திவரும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிதான் அது. அதில் போர்ச்சுகல் தன் பாட்டைத் தேர்ந்தெடுத்த விதத்தையும், அந்தப் பாட்டுகள் அங்கே போய் என்ன ஆயின என்பதையும் ஒரு தொழில்காரன் கண்ணோடு பார்த்தால், ஒரு நாடு தன்னை எப்படிப் பாட வேண்டும் என்ற கேள்விக்கே விடை கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

மதிப்பெண் முறையை முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. 1975 முதல் ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்குத்தான் மதிப்பெண் தருகிறது. முதல் பாட்டுக்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8 தொடங்கி ஒன்று ஒன்றாகக் குறைந்து 1 வரை. பதினோராவது பாட்டுக்கு ஒன்றுமில்லை. இறுதிச் சுற்றில் 26 பாட்டுகள் இருந்தால், ஒரு நாட்டின் வாக்கில் பத்துப் பாட்டுக்குத்தான் உயிர். மற்றவை நன்றாக இருந்தாலும் சரி, மோசமாக இருந்தாலும் சரி, எல்லாமே பூஜ்யம். ஒரு பாட்டு நாற்பது நாடுகளிலும் பதினோராவது இடம் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் சராசரிக்கு மேலே நிற்கும் பாட்டு, ஒருவருக்கும் அதன் மேல் வெறுப்பில்லை. அது வாங்கும் மொத்த மதிப்பெண் பூஜ்யம். இன்னொரு பாட்டு பாதி நாடுகளில் கடைசி இடத்தில் கிடக்கட்டும், மீதிப் பாதியில் முதலிடம் வாங்கினால் அது கோப்பைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இந்தப் போட்டியில் பாதுகாப்பான பாட்டைப் போல ஆபத்தான பாட்டு வேறு இல்லை. பிரிட்டனைப் பாருங்கள். உலகத்துக்கே பாப் பாட்டு கற்றுக்கொடுத்த நாடு அது. 2021-ல் அந்த நாட்டுப் பாட்டுக்கு நடுவர்களும் பொதுமக்களும் சேர்ந்து கொடுத்தது பூஜ்யம். 2024-லும் 2025-லும் பொதுமக்கள் வாக்கில் மறுபடி பூஜ்யம். அந்தப் பாட்டுகளை யாரும் வெறுத்ததாகத் தெரியவில்லை. போனை எடுத்து வாக்களிக்கும் அளவுக்கு யாருக்கும் அவற்றின் மேல் ஆசை வரவில்லை, அவ்வளவுதான்.

போர்ச்சுகல் இந்தப் போட்டிக்குள் வந்தது 1964-ல், கோபன்ஹேகனில். அன்டோனியோ கல்வாரியோ பாடினார். முதல் பாட்டுக்கே பூஜ்யம். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த நாடு ஐந்தாம் இடத்தைக்கூடத் தொட்டதில்லை. 1996-ல் லூசியா மோனிஸ் பாடி வாங்கிய ஆறாம் இடம்தான் உச்சம். அடுத்த ஆண்டே மீண்டும் பூஜ்யம். இந்தத் தோல்விக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். உள்நாட்டுத் தேர்வான 'ஃபெஸ்டிவல் த கன்சாவ்' என்ற பாட்டுத் திருவிழாவைத் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.பி. நடத்துகிறது. சர்வாதிகார ஆட்சிக் காலத்தில் நல்ல கவிஞர்களும் நல்ல இசையமைப்பாளர்களும் தொலைக்காட்சி வழியாக நாடு முழுவதையும் ஒரே இரவில் அடையக்கூடிய மேடையாக அது இருந்தது. 1969-ல் சிமோன் டி ஒலிவெய்ரா பாடிய பாட்டை எழுதியவர் கவிஞர் ஆரி தோஸ் சான்தோஸ். பெண்ணின் இன்பத்தை ஒளிக்காமல் சொன்ன வரி ஒன்று அதில் இருந்ததால் நாட்டில் பெரும் சர்ச்சை எழுந்தது. வெளியே போன அந்தப் பாட்டு 16 பாட்டுகளில் பதினைந்தாவது. 1973-ல் அதே கவிஞர் காளைப் போட்டியைப் பாடுவதுபோல் ஆட்சியாளர்களை எள்ளிய பாட்டு தணிக்கையைத் தாண்டிப் போனது. அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

1974 ஏப்ரல் 6, பிரைட்டன். அன்று 'வாட்டர்லூ' பாடி ஜெயித்த அப்பா குழுவை உலகமே அறியும். அதே மேடையில் பாவ்லோ டி கார்வாலோ பாடிய 'ஈ தெபோயிஷ் து அதேயுஷ்', அதாவது 'விடைபெற்ற பின்பு', 3 மதிப்பெண்ணோடு வேறு மூன்று நாடுகளுடன் சேர்ந்து கடைசி இடத்தில் நின்றது. பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55 மணிக்கு, லிஸ்பன் வானொலி ஒன்றில் அந்தப் பாட்டு ஒலித்தது. அரசைக் கவிழ்க்கத் தயாராக இருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கு அது முதல் சமிக்ஞை. நள்ளிரவுக்குப் பிறகு ஒலித்த ஸெகா அஃபோன்ஸோவின் 'க்ராந்தோலா' இரண்டாவது சமிக்ஞை. விடிந்தபோது கார்னேஷன் புரட்சி தொடங்கியிருந்தது, பல பத்தாண்டு நீடித்த சர்வாதிகாரம் விழுந்தது. அந்தக் காதல் பாட்டை முதல் சமிக்ஞையாக வைத்ததற்குக் காரணமே, அது அப்போது எல்லா வானொலியிலும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான். ஐரோப்பா கடைசி இடத்தில் வைத்த பாட்டு சொந்த ஊரில் அவ்வளவு தூரம் புழங்கியிருந்தது. இந்தப் பாட்டை நான் உணர்ச்சிக்காக இங்கே கொண்டுவரவில்லை. தேர்வு என்ற வேலையை எடைபோட இரண்டு தராசுகள் உண்டு, போட்டியின் மதிப்பெண் அவற்றில் ஒன்று மட்டுமே என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைக்காது.

அதே நேரத்தில் இந்தக் காலத்தை வைத்து என் வாதத்தை எளிதாக ஜெயித்துவிட எனக்கு உரிமையில்லை. தன் மக்களுக்காக, தன் மொழியில், நல்ல கவிஞரை வைத்துச் செய்த பாட்டுகள் வரிசையாகத் தோற்றன என்பதும் அதே சான்றில்தான் இருக்கிறது. அப்படியானால் தன்னியல்பாகப் பாடினால் போதும் என்று எப்படிச் சொல்வது? போதும் என்று நான் சொல்லவில்லை. அன்றைய தேர்வு, தன் ஊரில் மட்டும் பொருள் விளங்கும் பாட்டை அனுப்பியது. காளைப் போட்டி யாரைக் குறிக்கிறது என்று லிஸ்பனில் இருந்தவருக்குத் தெரியும், போட்டி நடந்த லக்சம்பர்கில் உட்கார்ந்து கேட்ட நடுவருக்குத் தெரியாது. அந்தப் பாட்டுகளின் பலம் சொல்லில் இருந்தது. சொல் விளங்காத காதுக்குப் போய்ச் சேர வேண்டிய பலம் மெட்டிலும் குரலிலும் வாத்தியங்களுக்கு நடுவே விடுகிற இடைவெளியிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பாட்டில் அமைவது அபூர்வம். ஆனால் அந்த அபூர்வத்தைத் தேடுவதுதான் தேர்வுக்குழுவின் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஊகித்துக்கொண்டிருப்பது அதன் வேலை அல்ல.

ஊகத்தின் பலனைப் போர்ச்சுகல் நன்றாகவே அனுபவித்தது. 2004-ல் அரையிறுதி முறை வந்தது. அதிலிருந்து 2015 வரை அந்த நாடு பதினொரு முறை போனது, இறுதிச் சுற்றுக்குத் தேறியது மூன்றே முறை: 2008, 2009, 2010. இந்தக் காலத்தில் தேர்வு விதிகள் அடிக்கடி மாறின. பாட்டுகளும் ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு திசையில் போயின. ஓர் ஆண்டு கோமாளி வேடத்தில் போராட்டப் பாட்டு, ஓர் ஆண்டு ஃபாடோ வாசனையோடு ஒரு பாட்டு, ஓர் ஆண்டு கோடைகால நடனப் பாட்டு. தனித்தனியாக அவற்றில் நல்லதும் உண்டு. மொத்தமாகப் பார்க்கும்போது, போன ஆண்டு எது தோற்றதோ அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிற பதற்றம்தான் தெரிகிறது. திரைப்பாட்டு உலகத்திலும் இந்தப் பதற்றம் உண்டு. ஒரு படத்தில் குத்துப் பாட்டு எடுபடவில்லை என்றால் அடுத்த படத்துக்கு மெலடி, மெலடி போகவில்லை என்றால் மறுபடி குத்து. பாட்டு எப்படிப்பட்ட வகை என்பதில் இருக்கிற கவனம், அந்தப் பாட்டு நல்ல பாட்டா என்பதில் இருக்காது. 2016-ல் ஆர்.டி.பி. போட்டிக்கே போகவில்லை. திருவிழாவை நிறுத்தி, அதைத் திருத்தி அமைக்க உட்கார்ந்தார்கள். ஒரு நிறுவனம் தன் தோல்விக்கு அண்டை நாடுகளைக் குறை சொல்லாமல், ஓர் ஆண்டு வேலையை நிறுத்தித் தன் முறையைத் தானே சோதித்துப் பார்த்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

2017-ல் திருவிழா திரும்பி வந்தபோது பதினாறு இசையமைப்பாளர்களை அழைத்து ஆளுக்கொரு பாட்டு கேட்டார்கள். அழைக்கும் முறை புதிதில்லை, அதற்கு முன்பும் அழைத்ததுண்டு. யாரை அழைத்தார்கள் என்பதில்தான் மாற்றம். போட்டிக்கென்றே பாட்டுத் தைத்துக்கொடுத்துப் பழகிய கைகளோடு, தங்கள் ஆல்பங்களுக்கும் தங்கள் ரசிகர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்த இளைய தலைமுறையும் வந்தது. பாடுபவரை முடிவு செய்யும் பொறுப்பும் பாட்டைச் செய்தவர் கையில் இருந்தது. லுயீசா சோப்ரால் அப்படி அழைக்கப்பட்டவர். அவர் எழுதி மெட்டமைத்த 'அமார் பெலுஷ் தொய்ஷ்', 'இருவருக்குமாய்க் காதலிப்பது', அவர் தம்பி சல்வடோரின் குரலுக்கென்றே அமைந்தது. வாத்தியக் கோர்ப்பு லூயிஷ் ஃபிகெய்ரேதோ. தேர்வு இறுதியில் பிராந்திய நடுவர்களுக்குப் பாதி, பொதுமக்களுக்குப் பாதி எடை. பொதுமக்கள் வாக்கில் முதலிடம் இந்தப் பாட்டுக்கு வரவில்லை, 'விவா லா தீவா' என்ற குழுவுக்குப் போனது. நடுவர்களின் முதலிடமும் மக்களின் இரண்டாம் இடமும் சேர்ந்து சல்வடோரைத் தேர்ந்தெடுத்தன. மக்கள் வாக்கு மட்டும் இருந்திருந்தால் அந்த ஆண்டு போட்டி நடந்த கீவ் நகரத்துக்கு வேறு பாட்டு போயிருக்கும். நடுவர் மட்டும் இருந்திருந்தால் மக்கள் அதைத் தங்கள் பாட்டு என்று ஏற்றிருப்பார்களா என்பது சந்தேகம். இரண்டு சல்லடையும் வேண்டும் என்பதற்கு இதை நான் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மூன்று நிமிடத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். போட்டி விதி பாட்டுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. 1998 பர்மிங்ஹாம் போட்டியோடு நேரடி இசைக்குழுவும் போய்விட்டது. இன்று மேடையில் ஓடுவது பதிவு செய்த டிராக். பாடுவது மட்டுமே நேரடி. இசைக்குழு இருந்த காலத்தில் பாடகர் ஒரு சொல்லில் சற்று நின்றால் கண்டக்டர் கையை நிறுத்திக் காத்திருப்பார். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. விளக்கு, திரைக்காட்சி, கேமரா வெட்டு எல்லாமே டிராக்கின் நேரக்கணக்கில் கட்டப்பட்டிருக்கும். அதனால் பெரும்பாலான பாடகர்கள் டிராக்கின் தாளத்தைக் காதில் எண்ணிக்கொடுக்கும் கிளிக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். சல்வடோர் பிடித்துக்கொள்ளவில்லை. பாட்டு வால்ட்ஸ், நம் கணக்கில் திஸ்ரம். பியானோவும் ஸ்டிரிங்ஸும், டிரம்ஸ் கிடையாது. தகிட தகிட என்று அடி உள்ளே நடந்துகொண்டிருக்க, அவர் வரியின் முதல் சொல்லை அடிக்குப் பின்னால் தள்ளி எடுக்கிறார், பிறகு வேகமாக நடந்து வந்து வரி முடியும் இடத்தில் சமத்தைப் பிடிக்கிறார். ஜாஸ் பழகிய தொண்டை அது. ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் ஒருவர் நடந்துகொண்டே சரியான பெட்டியில் ஏறுவது போல இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சற்று வேறாகப் பாடினார். கடைசிச் சரணத்தில் சுருதியை அரைப் படி ஏற்றிக் கைதட்டு வாங்குவது யூரோவிஷனில் பல பத்தாண்டுப் பழக்கம். இங்கே அதுவும் இல்லை. உச்சக் கட்டத்தில்கூடக் குரல் கத்தவில்லை, முடிவு ஏறக்குறைய பேச்சாக இறங்குகிறது. பெரிய மேடையை விட்டுவிட்டுப் பார்வையாளர் நடுவே இருந்த சின்ன வட்ட மேடையில் தனியாக நின்றார். நடனக்காரர் இல்லை, நெருப்பு இல்லை. கைகள் மட்டும் மெட்டைத் தொட்டுப் பார்ப்பது போல அசைந்துகொண்டிருந்தன. உடல்நலக் குறைவால் அவர் கீவுக்குத் தாமதமாக வந்தார், முதல் ஒத்திகைகளில் அவர் இடத்தில் அக்காள் நின்று பாடினார். மேடையமைப்பு இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. முப்பது கேமரா வெட்டும் ஐந்து நடனக்காரரும் இருந்திருந்தால் ஒத்திகை இல்லாமல் பாட்டே விழுந்திருக்கும்.

2017 மே 13 இரவு வந்த கணக்கு 758. நடுவர்கள் 382, பொதுமக்கள் 376. இரண்டாம் இடம் வந்த பல்கேரியா 615. இரண்டு வாக்குகளையும் தனித்தனியே எண்ணும் முறை 2016-ல்தான் வந்தது, அதனால் பழைய ஆண்டுகளோடு 758-ஐ ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் 41 நாடுகள் தரக்கூடிய உச்சம் 984 என்று கணக்கிட்டால், அதில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே பாட்டுக்கு வந்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது 382-க்கும் 376-க்கும் உள்ள ஆறு மதிப்பெண் இடைவெளி. இசைத் தொழிலில் இருக்கும் நடுவர்களும், சனிக்கிழமை இரவு சோபாவில் உட்கார்ந்து போனைத் தட்டிய குடும்பங்களும் ஒரே பாட்டில் போய்ச் சந்தித்தார்கள். அந்த மொழி தெரிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலர்.

எதிர்வாதங்கள் பலமானவை, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதலாவது, அவர் இதய நோயாளி, அனுதாபத்தில் விழுந்த வாக்கு அது என்பது. நோய் உண்மை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அனுதாபம் சிலரை அசைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அனுதாப வாக்கு என்றால் அது பொதுமக்கள் பக்கம் சாய்ந்து வீங்கியிருக்க வேண்டும். 2022-ல் போர் தொடங்கிய உடனே உக்ரைனுக்கு வந்த வாக்கில் அந்தச் சாய்வு வெளிப்படை: 631-ல் 439 பொதுமக்களுடையது. சல்வடோருக்கு நடுவர்கள் மக்களைவிடச் சற்று அதிகமாகவே கொடுத்தார்கள். அண்டை நாட்டு ஒப்பந்தம், புலம்பெயர்ந்தோர் வாக்கு என்று சொல்பவர்களும் உண்டு. போர்ச்சுகலுக்கு நிலத்தால் தொடும் அண்டை நாடு ஸ்பெயின் ஒன்றே. பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் போர்ச்சுகீசியர் ஏராளமாக வாழ்வது உண்மைதான், ஆனால் தோற்ற ஆண்டுகளிலும் அவர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: அதே முறையில் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆண்டு சொந்த மண்ணிலேயே கடைசி இடம் வந்தார்களே? ஆம். 2018-ல் லிஸ்பனில், இஸௌரா எழுதிய 'ஓ ஜார்திம்', 'தோட்டம்', கிளாவுதியா பஸ்குவால் குரலில் 39 மதிப்பெண்ணோடு இருபத்தாறாவது இடத்தில் நின்றது. 2019-ல் அரையிறுதியையே தாண்டவில்லை. ஒரு முறை ஜெயித்ததை வைத்து ஒரு கொள்கை கட்ட முடியாது என்பது சரி. அதனால்தான் ஒரே ஆண்டை எடுக்காமல் மொத்தத்தை எடுக்கிறேன். 2017 முதல் 2025 வரை போட்டி நடந்தது எட்டு முறை. ஒரு முறை போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடி இறுதி. மீதி ஏழில் ஆறு முறை தேறியிருக்கிறார்கள். முன்பு பதினொன்றில் மூன்று. 2022-ல் மாரோ ஒன்பதாவது இடம், 2024-ல் இயோலாந்தா பத்தாவது. முதல் ஐம்பது ஆண்டில் முதல் பத்து என்பது அந்த நாட்டுக்கு எவ்வளவு அரிது என்று தெரிந்தால் இந்த வேறுபாடு புரியும். 'ஓ ஜார்திம்' பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மறைந்த பாட்டியை நினைத்து எழுதிய, அடக்கமான, நல்ல பாட்டு அது. கடைசி இடம் வந்ததால் அது கெட்ட பாட்டாகிவிடவில்லை. பதினோராவது இடத்துப் பொறி தன்னியல்பான பாட்டையும் விழுங்கும், அதற்குத் தப்பிக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது மட்டுமே என் வாதம்.

மூன்றாவது எதிர்வாதத்தை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். இப்படித் தேர்ந்தெடுத்த பாட்டுகள் நடுவர்களுக்குப் பிடிக்கின்றன, மக்களுக்குப் பிடிப்பதில்லை என்பது. மாரோவுக்கு நடுவர்கள் 171, பொதுமக்கள் 36. இயோலாந்தாவுக்கு 139, 13. இந்த எண்களுக்கு முன்னால் மழுப்ப முடியாது. தொழில்காரர்கள் கேட்டுத் தலையசைக்கும் நுட்பம், ஒரு முறை மட்டும் கேட்கும் காதுக்குள் இறங்கவில்லை. இதற்கு என் விளக்கம் கோர்ப்பிலிருந்து வருகிறது. மாரோவின் பாட்டில் பெண் குரல்கள் வட்டமாய் நின்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஹார்மனிதான் அழகு. அதைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது வேண்டும். 'அமார் பெலுஷ் தொய்ஷ்' பாட்டின் அழகு ஒற்றைக் குரலின் மெட்டில் இருக்கிறது. பழகாத காதும் அதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாம் முறை வரும்போதே கூடவே வாய்க்குள் பாடும். தன்னியல்பான பாட்டு என்பது கடினமான பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால், தேர்வு நடுவர்களின் தனி அறையாகிவிடும். அந்த ஆபத்து ஆர்.டி.பி.யின் முறைக்கு இருக்கிறது, அதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஸ்வீடன். ஏழு வெற்றி, அயர்லாந்துக்குச் சமம். அவர்களுடைய 'மெலோடிஃபெஸ்டிவாலன்' வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய் நடக்கும் பெரும் தேர்வு. வெளிநாட்டு நடுவர்களையே உட்கார வைத்து வாக்கு வாங்குகிறார்கள். பாட்டை எழுதுவதும் பெரும்பாலும் குழுக்கள், கேமராக் கோணம் வரை தேர்வுக்கு முன்பே தீர்மானமாகிவிடும். ஊகித்துச் செய்வது தோற்கும் என்றால் இவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள்? அவர்கள் ஊகிப்பதில்லை என்பதுதான் பதில். உலகச் சந்தைக்குப் பாப் பாட்டு செய்வது ஸ்வீடனின் சொந்தத் தொழில், பல பத்தாண்டாக அந்த நாட்டுப் பட்டறைகளில் ஊறிய கைத்திறன். 2012-லும் 2023-லும் லொரீன் பாடிய பாட்டுகள் அவர்களுடைய இயல்பான மொழி. அதையே கடன் வாங்கி வேறொரு நாடு செய்தால் அது பதினோராவது இடத்துப் பாட்டு. அந்த ஸ்வீடனிலேயே 2025-ல் என்ன நடந்தது? முன்னாள் வெற்றியாளர் மோன்ஸ் செல்மர்லோவின் ஆங்கிலப் பாட்டைத் தள்ளிவிட்டு, பின்லாந்தின் ஸ்வீடிஷ் பேசும் பகுதியிலிருந்து வந்த காய் என்ற மூவர் குழுவின் நீராவிக் குளியல் பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1998-க்குப் பிறகு ஸ்வீடிஷ் மொழியில் போன முதல் பாட்டு அது. அந்த ஆண்டு போட்டி நடந்த பாசலில் நான்காம் இடம் வந்தது.

மொழி பற்றியும் நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். எந்த மொழியிலும் பாடலாம் என்ற விதி 1999-ல் வந்தபின் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகளே ஜெயித்தன. முழுக்கத் தன் மொழியில் பாடி வென்றவை 2007-ல் செர்பியா, 2017-ல் போர்ச்சுகல், 2021-ல் இத்தாலி, 2022-ல் உக்ரைன். முதல் பதினெட்டுப் போட்டிகளில் ஒன்று, அடுத்த ஆறு ஆண்டுக்குள் மூன்று. போர்ச்சுகல் முழுக்க ஆங்கிலத்தில் பாட்டு அனுப்பியது ஒரே முறை, 2021-ல் தி பிளாக் மாம்பா. பன்னிரண்டாவது இடம், நல்ல பாட்டு, எனக்குக் குறையில்லை. மொழியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டைச் செய்பவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியில் செய்யட்டும். தேர்வுக்குழு அவரிடம் மொழிமாற்றம் கேட்காமல் இருந்தால் போதும்.

2025-ல் நாப்பா என்ற குழு 'தெஷ்லுகாதோ' பாட்டோடு போனது. மதேய்ரா தீவிலிருந்து பெருநிலத்துக்கு வந்தவனின் ஊர் ஏக்கம் அது. மதிப்பெண் 50, இருபத்தொன்றாவது இடம். போர்ச்சுகலில் அது அந்த ஆண்டின் பெரும் வெற்றிப் பாட்டு. 1974-ஐ நினைத்துக்கொள்கிறேன். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'விடைபெற்ற பின்பு', 'இருவருக்குமாய்க் காதலிப்பது', 'தெஷ்லுகாதோ' இந்த மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். மேடைக் காட்சியைப் பார்க்காமல் முதலில் காதால் மட்டும் கேளுங்கள். மூன்றில் ஒன்று ஐரோப்பாவின் முதலிடம், ஒன்று கடைசி இடம், ஒன்று கடைசிக்குச் சற்று மேலே.